கரையோர வளவிலே பிளம் மரம்

அட்டாளைச்சேனைப் பலசரக்குக் கடையொன்றிற் சென்று 'பிளம்ஸ்' வேண்டும் என்று கேட்பார்க்குக் கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பது உலர்ந்த முந்திரிகைப் பழமேயாம். பெருநாட் புரியாணியிலே கஜுவோடு சேர்த்து நெய்யிற் பொரித்து இடப்படும் அப்பொருளுக்கும் பிளம் என்னும் மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆங்கிலேயர் பண்டு தம் களியிலும் பணியாரத்திலும் உலர்ந்த பிளம் பழத்தை இட்டு வந்தனர் என்றும், பின்னர் முந்திரிகை வற்றல் எளிதிற் கிடைக்கவே அதனை இட்டனர் என்றும், பண்டம் மாறியும் பெயர் மாறாது நின்றது என்றும் கூறுவர். அப்பெயரே கப்பலேறி ஈழத்து அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது. ஆதலின் கரையோர ஊர்களில் 'பிளம்ஸ்' என்ற சொல்லை அறியாதார் இலர். பிளம் மரத்தைக் கண்டாரோ மிகச் சிலர்.

அச்சிலர் பெரும்பாலும் நுவரெலியாவுக்குச் சென்று மீண்டவர்கள். அங்கே தெருவோரத்திற் கூறுகட்டி விற்கப்படும் செந்நீலப் பழத்தை வாங்கி உண்டு, அதன் கொட்டையைக் கடதாசியிற் பொதிந்து ஊருக்குக் கொணர்ந்து, கிணற்றடியிலே புதைத்து, நாள்தோறும் நீர் வார்ப்பாரைக் காணலாம். பெரும்பாலான கொட்டைகள் முளைப்பதில்லை. அருமையாக ஒன்று முளைப்பினும் அஃது ஆண்டுகள் பல கழிந்தும் பூப்பதில்லை. கைராசி இல்லை என்றும், கண்ணூறு பட்டது என்றும் இதற்குக் காரணம் கற்பிப்பர். உண்மைக் காரணம் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. மரத்தின் அரும்பிலேயே உள்ளது.

பிளம் உரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச்சு, செரி, அப்பிரிக்கொட்டு, வாதுமை என்பன அதற்கு நெருங்கிய உறவின. மாங்கனிபோல இதன் கனியும் வெளியே தோலும், இடையே சதையும், உள்ளே வன்கொட்டையும் உடைய உள்ளோட்டுச் சதைக்கனியாகும். உலகிற் பெரிதும் பயிரிடப்படுவன இரண்டு இனங்கள். ஒன்று ஐரோப்பியப் பிளம். உலர்த்தி வைக்கப்படும் பழம் பெரும்பாலும் இதனது. மற்றையது யப்பானியப் பிளம் என வழங்கப்படுவது. அதன் பிறப்பிடம் உண்மையிற் சீனமே. கலிபோர்னியாவிலே வாழ்ந்த லூதர் பேபாங்கு என்பார் 1885ஆம் ஆண்டில் யப்பானிலிருந்து நாற்றுகளை வரவழைத்துக் கலப்புச் செய்து பல புதுவகைகளை ஆக்கினார். அவர் 1906இல் வெளியிட்ட 'சந்தா ரோசா' என்னும் வகை இன்றும் பல நாடுகளிற் பயிராகின்றது. வெப்பநாட்டு மலைகளில் ஓரளவேனும் பயன்தருவது யப்பானிய இனமே என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி அரும்பின் செய்திக்கு வருவோம். குளிர்நாட்டு மரங்கள் கூதிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகின்றன. அடுத்த ஆண்டுக்குரிய பூவரும்புகளோ அதற்கு முந்திய கோடையிலேயே கிளைகளில் அமைந்துவிடுகின்றன. அமைந்த அரும்பு உடனே விரிவதில்லை. அப்சிசிக்கமிலம் முதலிய வளர்ச்சியடக்கும் பொருள்கள் அதனைத் தடுத்து வைத்திருக்கின்றன. தடை நீங்கவேண்டுமாயின் அரும்பு ஒரு குறித்த அளவு குளிரைப் படவேண்டும். பனிக்காலத்தின் நடுவே இரண்டொரு நாள் வெயில் எறித்தவுடன் 'வேனில் வந்துவிட்டது' என நம்பிப் பூக்கும் மரம், மறுநாட் பனியிலே பூவனைத்தையும் இழந்து வழியற்றுப்போகும். அவ்வாறு ஏமாறாமைப்பொருட்டு மரம் குளிரைக் கணக்கிட்டுக்கொள்ளுகின்றது. பனிக்காலம் முழுதும் கழிந்தது என்பதற்கு அரும்பு அறிந்த ஒரே சான்று, தான் பட்ட குளிரின் தொகையே.

அத்தொகையைத் தோட்டக்கலையார் மணிக்கணக்கில் அளப்பர். வெப்பநிலை 0 பாகை செல்சியசுக்கும் 7 பாகைக்கும் இடைப்பட்டு நின்ற மணிகளைக் கூட்டிக் 'குளிர்மணி' என்பர். யப்பானியப் பிளம் வகைகள் பலவற்றுக்கு 500 முதல் 900 வரையான குளிர்மணி வேண்டும். ஐரோப்பிய இனத்துக்கு அதனினும் மிகுதி. அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் தம் வெப்பமான மாநிலத்துக்கெனக் 'கல்பு' என்ற பெயர்த் தொடக்கமுடைய சில வகைகளை உண்டாக்கினர். அவைகூட ஏறத்தாழ 250 மணியளவிலேனும் குளிரை வேண்டி நிற்பன.

அட்டாளைச்சேனையின் கணக்கோ பூச்சியமாகும். பாலமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே கடலையொட்டிக் கிடக்கும் இவ்வூரில், வாடைக்காற்றும் மாரிமழையும் மிகுந்த மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. ஏழு பாகையைக் காணவேண்டுமெனிற் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறந்து பார்த்தல் வேண்டும். குளிரே படாத அரும்பு விரியாது. இலை சில நுனியில் மட்டும் தளிர்க்கும். கிளையின் இடைப்பகுதி வறிதே கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை கருகும். மரம் முற்றிலும் பட்டுப்போவதற்குச் சில ஆண்டுகள் செல்லலாம். அதுவரை நம்பிக்கையும் நீரும் வீணாவதே கண்ட பயன்.

உயரம் மிகுதோறும் வெப்பம் குறையும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை என்பது பொதுக்கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. 1.868ஐ 6.5ஆற் பெருக்க 12 பாகை வருகின்றது. கரையோரத்தின் சராசரியாகிய 28இலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது 16. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் அவ்வளவினதே. தை, மாசி மாதங்களில் விடியற்காலத்திலே அங்குப் புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. குறைந்த குளிர் வேண்டும் வகைகள் அங்கே காய்ப்பதற்கு இதுவே காரணம். ஐரோப்பிய இனத்தின் தேவையை நிறைவுசெய்ய அக்குளிரும் போதாது.

தமிழ்நாட்டிலே இதற்கு ஒப்பாகக் கொடைக்கானலையும் நீலகிரியையும் கூறலாம். இரண்டாயிரம் மீற்றரைக் கடந்த உயரத்தில் அமைந்த கொடைக்கானலில் 'ரூபியோ', 'கேல்', 'கவியோட்டா' முதலிய வகைகள் பயிரிடப்படுகின்றன. மே, யூன் மாதங்களில் மதுரைத் தெருக்களிலே கூடைகளில் வந்திறங்கும் பிளம் அம்மலையினது. அங்கும் கொட்டையை நட்டு மரமாக்குவாரில்லை; பீச்சு நாற்றின்மீது ஒட்டுக்கட்டியே கன்று பெறுகின்றனர். கொட்டையிலிருந்து வரும் மரம் தாயின் குணத்தை அப்படியே கொள்வதன்று. அன்றியும் காய்க்க நெடுங்காலம் செல்லும்.

மலைநாட்டிலே வாழும் பழைய மாணவர் சிலர் தம் தோட்டத்தில் இம்மரத்தை வளர்க்க விரும்பக்கூடும். அவர்க்குச் சில சொல்லலாம். நீர் தேங்காத சரிவான நிலமே ஏற்றது. மரத்துக்கு மரம் நான்கைந்து மீற்றர் இடம் விடவேண்டும். இளங்கன்றின் நடுத்தண்டை முழங்காலுயரத்துக்குச் சற்று மேலே வெட்டி, மூன்று நான்கு கிளைகளைச் சுற்றிலும் பரவவிட்டு, நடுவிற் கிண்ணம்போல வெளி அமைத்தால் ஒளியும் காற்றும் உட்புகும். யப்பானிய வகைகளிற் பல தம் மகரந்தத்தாலே தாமே கருக்கொள்ளா. ஆகவே ஒரே பருவத்திற் பூக்கும் வேறு வகை மரமொன்று அருகில் நிற்றல் வேண்டும். மகரந்தத்தைக் கொண்டு செல்வது தேனீ. பூக்காலத்திற் பூச்சிநஞ்சைத் தெளிப்பவர் தம் விளைச்சலைத் தாமே கெடுத்துக்கொள்ளுபவராவர். காய் மிகுதியாகப் பிடித்தால் விரற்கடை நான்கு ஐந்துக்கு ஒன்றாக விட்டு மற்றையவற்றைப் பிஞ்சிலே கிள்ளிவிடல் நன்று. மனம் வராது, ஆயினும் கிள்ளாத மரம் நெல்லிக்காய் அளவினவாகச் சப்பைப் பழங்களையே தரும், கிளையும் முறியும்.

குளிர் போதாத மலைகளிலே ஓர் உபாயம் கையாளப்படுகின்றது. கிழக்குச் சாவகத்தின் பத்து என்னும் ஊரிலே, அறுவடை முடிந்த அப்பிள் மரத்தின் இலையனைத்தையும் கையால் உருவிவிடுகின்றனர். அரும்பு ஆழ்ந்த உறக்கத்துட் புகுமுன்னரே இலையை இழந்த மரம் மீண்டும் தளிர்த்துப் பூக்கின்றது. ஆண்டுக்கு இருமுறைகூடக் காய்க்கின்றது. இதைக் கேட்டுக் கரையோரத்தாரும் இலையுருவ முற்படவேண்டா. பத்து என்பது ஆயிரம் மீற்றரளவு உயரத்தில் உள்ள ஊர்.

இலண்டனிலும் தொரொன்ரோவிலும் குடியேறிய தமிழர் வீட்டுக் கொல்லையிலும் இன்று பிளம் மரம் நிற்கின்றது. அங்குக் குளிருக்குக் குறைவில்லை, தொல்லை வேறு. இங்கிலாந்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பரவிய 'விக்ரோரியா' என்னும் வகை தானே கருக்கொள்ளும் இயல்பினது; ஆதலின் ஒற்றை மரத்துக்கு இடமுள்ளார்க்கு ஏற்றது. ஆனால் அதனைப் பனிக்காலத்திற் கத்தரித்தல் கூடாது. வெட்டுவாய் வழியே வெள்ளியிலை நோய் என்னும் பூஞ்சணநோய் புகுந்து மரத்தையே கொன்றுவிடும். கோடையிற் கத்தரிப்பதே அந்நாட்டு வழக்கம். கனடாவிலோ பூத்தபின் வரும் பிந்திய பனியே பெரும்பகை.

கரையோரத்துக்கு மீள்வோம். இங்கே பிளம் நட்டு இழப்பது சில ரூபாய்க் காசு மட்டுமன்று. மணற்றரையின் கீழே கிடக்கும் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படையாகும். நன்னீர் உவர்நீரினும் இலேசானது ஆகையால் அவ்வாறு மிதக்கின்றது. கிணற்றுநீர்மட்டம் ஒரு சாண் தாழ, அடியிலுள்ள உவர்நீர் அதனைப்போல நாற்பது மடங்களவு மேலெழும் என்பது நிலத்தடிநீர் நூலார் கணக்கு. துலாவினால் இறைத்த காலத்து அளவோடு இறைத்தனர். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அளவு தெரியாது போயிற்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உவர்நீரால் நிறைத்தது. அவற்றை மீண்டும் குடிநீர்க் கிணறுகளாக்க மக்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அத்தகைய கிணற்று நன்னீரைக் காய்க்கமாட்டாத மரத்துக்கு நான்கு ஐந்து கோடைகள் வார்ப்பது எங்ஙனம் தகும்? மேலும் இவ்வூர்களில் வளவு சுருங்கி வருகின்றது. மூன்று தலைமுறைக்குமுன் ஒரு குடும்பத்துக்கிருந்த வளவிலே இன்று நான்கைந்து வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு மரத்துக்கே இடமுள்ளவர், அம்மரம் எது என்பதை ஆராய்ந்தே நடுதல் வேண்டும்.

பிளம் கன்று என்று கூறி வேறொன்றை விற்பாரும் உளர். பிளத்தின் இலை தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவது. விளிம்பு நுண்ணிய பற்களை உடையது. இலைகள் எதிரெதிராக இணைந்து நின்று, விளிம்பு வெட்டின்றியிருந்து, கசக்கினால் மணம் வீசுமாயின் அது நாவலோ சம்புவோ ஆகும், பிளமன்று.

பெயரைப் பொறுத்தமட்டில் விற்பாரை முழுதும் குறைகூறவும் இயலாது. ஆங்கிலேயர் கீழைநாட்டிற் கண்ட உருண்டைப் பழம் பலவற்றுக்கும் 'பிளம்' என்றே பெயரிட்டனர். நாவலைச் 'சாவகப் பிளம்' என்றனர். இலந்தையை 'இந்தியப் பிளம்' என்றனர். அம்பரலங்காயின் இனத்தைப் 'பன்றிப் பிளம்' என்றனர். எதிர்முகமாகவும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்பன ஐரோப்பிய வாணிகத்திலே 'மைரோபலன்' என வழங்கின. அப்பெயரையே அவர்கள் தம் நாட்டுச் சிறு பிளம் ஒன்றுக்கும் சூட்டினர். இவ்வாறு பெயரால் மயங்கிய மரங்களுட் சிலவே கரையோர வளவுக்கு உரிய மெய்யான பிளங்கள் எனலாம்.

அவற்றுள் நாவல் பெருமையால் முதன்மையானது. நாவலந்தீவு என இந்நிலப்பரப்புக்கே பெயர்தந்த மரம் அது. திருவானைக்காவிலே தலமரமாய் நிற்பது வெண்ணாவல். ஔவையார்க்கு முருகன் சுட்டபழமும் சுடாதபழமும் உதிர்த்த கதையை அறியாத தமிழ்ப்பிள்ளை இல்லை. சுட்டபழம் என்பது நன்கு கனிந்து விழுந்து மணல் ஒட்டிக்கொண்டதே என்பதை மணற்பாங்கான இக்கரையிலே விளக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும் சிறு வளவுக்கு இம்மரம் ஏலாது. முப்பது மீற்றர்வரை ஓங்கவல்லது. கிளை முறியும் இயல்பினது. கனி விழுந்து முற்றத்தையும் உலரப்போட்ட துணியையும் கறைப்படுத்துவது. பள்ளிக்கூட முற்றம், பள்ளிவாசல், கோயில் வீதி, வாய்க்காற் கரை என்பனவே அதற்குரிய இடம். விதையைப் பழம் தின்ற சின்னாட்களுள் நட்டுவிடவேண்டும். இரண்டு வாரம் கழிந்தால் முளைக்கும் ஆற்றல் பெரிதும் குன்றிவிடும். ஒரு விதையிலேயே பல நாற்று எழுவதுண்டு. வலியதொன்றை விட்டு மற்றையவற்றை நீக்குக. விதைக்கன்று காய்க்க எட்டு அல்லது பத்து ஆண்டு செல்லும். நாவற் கொட்டைத் தூளைச் சித்த வைத்தியர் நீரிழிவுக்குக் கொடுப்பர். அதனை நம்பி வைத்தியர் விதித்த மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது பெருந்தீங்காம்.

சிறு வளவுக்குத் தக்கது இலந்தை. இக்கரையிலே காடாய்க் கிடந்த இம்மரத்தை முள்ளுக்கு அஞ்சி வெட்டிவிட்டு, அவ்விடத்திலே மதில் எழுப்பினர். முள்ளுண்மை மெய்யே. ஆயினும் வெயிலையும் வறட்சியையும் ஓரளவு உவரையும் ஒருங்கே பொறுக்கும் பழமரம் இதனைப்போல் வேறு காண்டல் அரிது. ஆணிவேர் ஆழச் செல்லுதலால், முதலிரு கோடை கடந்தபின் நீர் வார்க்கவேண்டிய தேவையே குறைந்துவிடும். இருசமயத்தாரும் போற்றும் மரம் இது. சபரி இராமனுக்கு அளித்த கனி இலந்தை என்பது மரபு; பத்ரிநாதத்துக்குப் பெயர்தந்த 'பதரி'யும் இலந்தையே. திருக்குர்ஆன் 'சித்ர்' எனக் குறிப்பதும் இலந்தை இனமே. மையித்தைக் குளிப்பாட்டும் நீரில் இலந்தையிலை இடுவது முஸ்லிம்களின் வழக்கம். அவ்விலைக்காகவேனும் ஊருக்கு ஒரு மரம் விடப்பட்டது. இப்போது இலை வேண்டின் அடுத்த ஊருக்கு ஆளனுப்பும் நிலையும் நேர்கின்றது.

காட்டிலந்தையின் பழம் சிறியது, புளிப்பானது. இந்தியாவிலே 'உம்ரான்', 'கோலா', 'பனாரசி' முதலிய பெரும்பழ வகைகள் உள. அவற்றின் அரும்பைக் காட்டிலந்தை நாற்றின்மீது ஒட்டினால் இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். நாற்றைப் பிடுங்கி நடின் ஆணிவேர் அறுந்து கன்று தளரும். ஆகவே மரம் நிற்கவேண்டிய குழியிலேயே விதையை ஊன்றி, அதன்மீதே ஒட்டுவது சாலச் சிறந்தது. விதைக்குமுன் கொட்டைகளைச் செறிந்த உப்புநீரிலே இட்டு, மிதப்பனவற்றை எறிந்துவிடவேண்டும். அமிழ்ந்தவற்றை நன்னீரிற் கழுவி, ஓட்டை மெல்லத் தட்டிப் பிளந்து பருப்பை ஊன்றினால் ஒரு வாரத்தளவில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் மூன்று நான்கு வாரம் செல்லும். குழியிலே மாட்டெருவும் மக்கிய இலையும் மணலோடு கலந்து இடுதல் போதும்.

இம்மரத்தின் மறைபொருள் கத்தரிப்பில் உள்ளது. பூ, புதிதாய் எழுந்த கிளையின் இலைக்கக்கத்திலேயே தோன்றுகின்றது, பழங்கிளை பூப்பதில்லை. ஆகவே ஆண்டுதோறும் காய்ப்பு ஓய்ந்து இலை உதிரும் வேளையிலே சென்ற ஆண்டின் கிளைகளை ஒட்ட வெட்டிவிடவேண்டும். அயலார் அதனைக் கண்டு மரத்தைக் கொன்றுவிட்டனர் என்பர். மழை விழுந்தவுடன் எழும் தளிரே அதற்கு மறுமொழி. வெட்டாத மரம் முட்புதராய்ப் படர்ந்து, எட்டாத உச்சியிலே சிறுகனி சிலவற்றைத் தாங்கி நிற்கும்; அவ்வாறு விடப்பட்டமையாலேயே இதற்குப் பயனற்ற மரம் என்ற பழி நேர்ந்தது. வெட்டிய முட்கிளை வேலியடைக்க உதவும். இலை ஆட்டுக்கு நல்ல குழை. பழ ஈயே இதன் பெரும்பகை. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் அழுகவிடாது நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தால், மண்ணிலே கூட்டுப்புழுவாகி மீண்டும் எழும் ஈக்களின் தொகை குறையும்.

அம்பரலங்காய் மாமரக் குடும்பத்தது. பசிபிக்குத் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவியது. முதிர்ந்த காயைச் சீனியும் மிளகாயும் இட்டுச் சமைக்கும் கறியும், உப்பிலிட்ட காயும் ஈழத்தில் எவ்வினத்தார்க்கும் பொதுவானவை. இதனுடைய குட்டை வகை ஆளுயரத்திலேயே காய்ப்பது. பெரிய சாடியிலும் வளர்க்கலாம். நடுவதற்கு ஒரு முழ நிலமுமில்லாத கல்முனைப் பகுதி வீடுகளுக்கு இதனினும் ஏற்றதில்லை. உயர்ந்த வகையின் மரம் மென்மையானது. கச்சான் காற்றில் முறியும். ஆதலின் வீட்டுக்கு அண்மையில் நடற்பாலதன்று. மதிலுக்குப் பதிலாக வேலி வைப்பார்க்குக் கிளா உண்டு. அதன் உறவினமாகிய தென்னாபிரிக்கக் கிளாவையும் ஆங்கிலேயர் 'நேற்றால் பிளம்' என்றே அழைத்தனர். அது கடற்காற்றின் உவரைத் தாங்குவது. காய் நன்கு சிவந்தபின்னரே உண்ணத்தக்கது.